போண்டா நின்ன நாள்: வேலை எடத்துல 'என்டைட்டில்மென்ட்'னா என்ன, எது அது இல்ல

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில டைம் ஆபீஸ்ல நான் வேலை பாத்தப்ப நடந்தது இது. ஒரு பெரிய ஆர்டர் கழுத்தை நெரிச்சுட்டு இருந்துச்சு, தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடுது, அப்ப மொதலாளியே பாத்து நாலு மணி டீயோட ஆளுக்கு ஒரு போண்டா குடுங்கன்னு சொன்னாரு. ஷிப்மென்ட் போயிருச்சு, ஆனா போண்டாவை யாரும் நிறுத்தச் சொல்லல, அது பாட்டுக்கு ரெண்டு வருஷம் ஓடிருச்சு. 160 பேரு, போண்டா 4 ரூபா, ஒரு நாளைக்கு 640 ரூபா. ஒரு நாள் அக்கவுண்ட்ஸ்ல பில்லைப் பாத்துட்டு இது எதுக்குன்னு கேட்டாங்க, மறுநாள்ல இருந்து கட். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. நாலு மணிக்கு டீ கேன் வந்துச்சு, பேப்பர் விரிச்சு எண்ணெய் ஊறிப்போயி வர்ற அந்த அலுமினியத் தட்டு மட்டும் வரல. எல்லாரும் டீயைக் குடிச்சாங்க, பெல் அடிச்சுது, பவர்டேபிள் லைன்ல, அதாவது தையல் லைன்ல, ஒரு மெஷின் கூட ஓடல. சத்தம் போடல, கோஷம் போடல, முக்கா மணி நேரம் சும்மா உக்காந்திருந்தாங்க.

மாடியில இருந்து எறங்கி வந்த மொதலாளி கேட்டது, "ஒரு போண்டாவுக்கு இத்தனை திமிரா?" அதுக்கு செக்கிங்ல இருந்த ஒரு அக்கா சொன்னாங்க, "போண்டாவுக்கு இல்லீங்க. நிறுத்தறோம்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா வூட்டுல இருந்து ஏதாச்சும் கொண்டாந்திருப்போமுங்களே."

இப்ப அந்த திமிர்ங்குற வார்த்தைக்குப் பதிலா ஆபீஸ்ல எல்லாம் 'என்டைட்டில்மென்ட்'னு ஒரு வார்த்தை சுத்திட்டு இருக்கு. இன்க்ரிமென்ட் கேட்டா என்டைட்டில்டு, ஞாயித்துக்கெழமை போன் எடுக்கலைன்னா என்டைட்டில்டு, பையன் சேந்து ஆறு மாசத்துல மேனேஜர் சீட்டு கேட்டாலும் அதே வார்த்தைதான். மூணும் ஒண்ணா? இல்லவே இல்ல. இதைக் கலந்து பேசுறதால நியாயமா கேக்குறவங்க வாயை மூடிட்டுப் போறாங்க, நெசமாவே பிரச்சனை பண்றவங்க கூட்டத்துல மறைஞ்சுக்குறாங்க. ரெண்டையும் கண் முன்னால பாத்தவன்ங்குறதால கொஞ்சம் பொறுமையா இதை எழுதுறேன்.

மூணு கேள்வி, மூணு விஷயம்

வாடகை வீட்டை வெச்சு யோசிங்க. அட்வான்ஸைத் திருப்பிக் குடுங்கன்னு கேக்குறீங்க, அது அக்ரிமென்ட்ல இருக்கு. தண்ணி மோட்டார் வழக்கமா காலைல ஹவுஸ்ஓனர்தான் போடுவாரு, இன்னைக்குப் போடலைன்னு கேக்குறீங்க, அது எழுத்துல இல்ல, ஆனா இத்தனை நாளா நடந்துட்டு இருக்கு. மூணாவது, மாடி போர்ஷன் காலியா இருக்கே, நான் நல்ல ஆளுதான, அதையும் இதே வாடகைக்கு எனக்கே குடுத்துருங்கன்னு கேக்குறீங்க. மொதல்ல கேட்டது உரிமை. ரெண்டாவது எதிர்பார்ப்பு. மூணாவதுக்கு எழுத்தும் கெடையாது வழக்கமும் கெடையாது, நான் நானா இருக்குறதே போதும்ங்குற நெனப்பு மட்டும்தான் இருக்கு. ஆராய்ச்சி பண்றவங்க 'சைக்காலஜிக்கல் என்டைட்டில்மென்ட்'னு சொல்றது இந்த மூணாவதைத்தான், அதாவது குடுத்த உழைப்புக்கும் கேக்குற பலனுக்கும் சம்பந்தம் இருக்கணும்னே நெனைக்காம 'எனக்கு வந்தே தீரணும்'னு மனசுல உக்காந்திருக்குற எண்ணம். இனிமே இந்தக் கட்டுரையில அதை 'மிதப்பு'ன்னு சொல்றேன், நம்ம ஊர்ல அதுக்கு ஏற்கனவே இருக்குற வார்த்தை.

மொதல்ல உரிமை, ஏன்னா இங்கதான் ரொம்பக் கொழப்பம்

தீபாவளி போனஸை மொதலாளி மனசு வெச்சுக் குடுக்குறதுன்னு நெனைக்குறவங்க இன்னும் ஏராளம். 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல, மாசம் 21,000 ரூபா வரைக்கும் சம்பளம் வாங்குறவங்க வருஷத்துல 30 நாளாவது வேலை பாத்திருந்தா, கொறைஞ்சது 8.33 சதவீதம் போனஸ் சட்டப்படி குடுத்தாகணும், அதிகபட்சம் 20 சதவீதம். அந்த 8.33 எங்கிருந்து வந்துச்சுன்னா நூறைப் பன்னெண்டால வகுத்துப் பாருங்க, பன்னெண்டு மாசத்துக்கு ஒரு மாசம். 2025 நவம்பர் 21ல பழைய தொழிலாளர் சட்டங்களை எல்லாம் நாலு தொகுப்பாக்கி அமலுக்குக் கொண்டாந்தாங்க, அதுலயும் இந்த 8.33 அப்படியேதான் இருக்கு. ஃபேக்டரியில ஓவர்டைம் பாத்தா அந்த நேரத்துக்கு ரெண்டு மடங்கு கூலி, இது 1948 ஃபேக்டரி சட்டத்துல இருந்தே இருக்கு.

கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போறப்ப மொத்தமா குடுக்குற தொகை, இன்னும் மோசம். அதுக்குத் தமிழ்ல 'பணிக்கொடை'ன்னு பேரு வெச்சுட்டாங்க, கொடைன்னா தர்மம் பண்ற மாதிரி காதுல விழுது. 1972லயே சட்டம் வந்தாச்சு, அஞ்சு வருஷம் தொடர்ந்து வேலை பாத்தவங்களுக்கு வருஷத்துக்குப் பதினஞ்சு நாள் சம்பளம், கடைசியா வாங்குன அடிப்படைச் சம்பளமும் டிஏவும் சேத்து அதை 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி எத்தனை வருஷமோ அத்தனையால பெருக்கணும். 18,000 ரூபா, எட்டு வருஷம்னா கிட்டத்தட்ட 83,077 ரூபா. எட்டு வருஷம் உழைச்ச ஒருத்தர் இதைக் கேக்கப் போறப்ப கையைக் கட்டிட்டு தலையைச் சொறிஞ்சுட்டு நிக்குறதை நான் பாத்திருக்கேன், அவரு கணக்கு எனக்குத் தெரியும், ஆனா அவருக்குத் தெரியல. கேக்குறவரே கொடைன்னு நெனைச்சா, குடுக்குறவரு திமிர்னு நெனைக்க மாட்டாரா?

இன்னொண்ணு, துணிக்கடையில நிக்குற பொண்ணுங்க. பத்து பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டே இருக்கணும், கஸ்டமர் இல்லாத நேரத்துல கூட சுவத்துல சாய முடியாது, கால் நரம்பெல்லாம் சுருண்டு போகும். ஒரு ஸ்டூல் கேட்டா "வேலைக்கு வந்தியா உக்கார வந்தியா"ன்னு பதில் வரும். 2018ல கேரளா இதுக்குச் சட்டம் போட்டுச்சு, 2021ல தமிழ்நாடு தன்னோட 1947 கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் கொண்டாந்து உக்கார வசதி குடுத்தாகணும்னு சொல்லிருச்சு. அதாவது 2021 ஆகஸ்ட்ல ஸ்டூல் கேட்ட பொண்ணு திமிர் புடிச்சவ, சட்டம் வந்ததுக்கு அப்புறம் அதே பொண்ணு அதே ஸ்டூலைக் கேட்டா அது உரிமை. பொண்ணு மாறல, கால்வலி மாறல.

இதுவரைக்கும் சொன்னது இவ்வளவுதான்: சட்டத்துலயோ ஆஃபர் லெட்டர்லயோ இருக்குறதை ஒருத்தர் கேட்டா, எந்தத் தொனியில கேட்டாலும் சரி, அதுக்கு என்டைட்டில்மென்ட்ங்குற வார்த்தையைப் போடக் கூடாது. தொனி சரியில்லைன்னா தொனியைப் பத்தித் தனியா பேசுங்க.

மொய் நோட்டு: எழுதாத ஒப்பந்தம் எப்படி வேலை செய்யுது

இப்ப ரெண்டாவது விஷயத்துக்கு வரேன், ஆபீஸ் சண்டையில முக்காவாசி இங்கதான் இருக்கு.

மொய் எல்லாருக்கும் தெரியும். உங்க வீட்டுக் காதுகுத்துக்கு ஒருத்தர் 1,000 எழுதுனா அவங்க வீட்டு விசேஷத்துக்கு நீங்க 1,000க்குக் கொறையாம எழுதணும். கோர்ட்டு கேஸு ஒண்ணும் கெடையாது, ஆனா எழுதலைன்னா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்தே தனியா வெச்சு லட்சக்கணக்குல வரவு செலவு நடக்குது, எல்லாம் நம்பிக்கைதான். ஆனா மொய்யில ஒரு நல்ல விஷயம் இருக்கு, நோட்டு இருக்கு. யாரு எவ்வளவுன்னு மைக்ல கூட வாசிப்பாங்க.

வேலை எடத்துலயும் இதே கொடுக்கல் வாங்கல் நடக்குது, நோட்டு மட்டும் கெடையாது. "இந்த ஷிப்மென்டை முடிச்சுக் குடுத்துருங்க, உங்களை நான் பாத்துக்கறேன்"னு மேனேஜர் சொல்றாரு. அவருக்கு அது டீ குடிச்சுட்டே சொன்ன ஒரு நல்ல வார்த்தை. கேட்டவரு மனசுல அது அச்சடிச்ச மாதிரி பதிஞ்சிருச்சு, வீட்டுல சம்சாரத்துகிட்ட கூட சொல்லிட்டாரு. ஏப்ரல்ல இன்க்ரிமென்ட் லெட்டர் வருது, எல்லாருக்கும் போட்ட அதே சதவீதம். கேக்கப் போறாரு. மேனேஜருக்கு அந்த வார்த்தை சொன்ன ஞாபகமே இல்ல.

இதுக்குப் பேரு 'மன ஒப்பந்தம்', அதாவது நான் இதைக் குடுக்குறேன், பதிலுக்கு எனக்கு இது வரும்னு ஒருத்தர் மனசுக்குள்ள நம்பிட்டு இருக்குற, எங்கயும் எழுதாத உடன்பாடு. 1960லயே கிறிஸ் ஆர்கிரிஸ்னு ஒருத்தர் ஃபேக்டரி சூப்பர்வைசர்களையும் ஆளுங்களையும் கவனிச்சு இப்படி ஒண்ணு ஓடுதுன்னு எழுதினாரு, 1989ல டெனிஸ் ரூசோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் அதை இன்னும் தெளிவாக்கினாங்க. ரூசோ சொன்னதுல முக்கியமானது என்னன்னா இது ரெண்டு பேருக்கும் பொதுவான ஒப்பந்தம் இல்ல, ஒரு ஆளோட மனசுல இருக்குற நம்பிக்கை, எதிர்ல இருக்குறவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாம இருக்கலாம். அதனாலதான் அது ஒடையும்போது ஒருத்தருக்குத் துரோகமாத் தெரியுது, இன்னொருத்தருக்கு அது எங்கிருந்தோ வந்த கோவமாத் தெரியுது.

அதுக்கு மேல ஒண்ணு, நாம ஒவ்வொருத்தரும் நம்ம நோட்டுல நம்ம வெச்ச மொய்யை மட்டும்தான் ஒழுங்கா எழுதுவோம். 1979ல ராஸ், சிகோலின்னு ரெண்டு பேரு கல்யாணம் ஆன ஜோடிகளைக் கூப்பிட்டு, வீட்டு வேலையில யாரு பங்கு எவ்வளவுன்னு தனித்தனியா கேட்டாங்க. புருஷன் சொன்னதையும் பொண்டாட்டி சொன்னதையும் கூட்டுனா மொத்தம் நூறு சதவீதத்தைத் தாண்டிப் போச்சு. பொய் சொல்லல யாரும், நான் பண்ணது எனக்கு ஞாபகம் இருக்கு, நீ பண்ணப்ப நான் அந்த எடத்துலயே இல்ல, அவ்வளவுதான். பன்னெண்டு பேரு இருக்குற டீம்ல இந்தக் கணக்கைக் கூட்டிப் பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு டையிங், அதாவது சாயப்பட்டறை, ஆளுக்குப் போன் போட்டது ஆர்டரைப் பாத்துக்குற மெர்ச்சண்டைசருக்கு ஞாபகம் இருக்கும், அந்தப் போனைத் தூக்கத்துல எடுத்தது டையிங் ஆளுக்கு ஞாபகம் இருக்கும்.

சுருக்கமா சொன்னா எழுதாத ஒப்பந்தம் எல்லா எடத்துலயும் இருக்கு, ஆளுக்கொரு நோட்டு, எந்த நோட்டும் இன்னொரு நோட்டோட ஒத்துப்போகாது. இதுல வர்ற கோவத்தை மிதப்புன்னு சொன்னா நோயைத் தப்பாப் பாத்து மருந்து குடுக்குற மாதிரி ஆயிரும்.

குடுத்ததை எடுக்கறப்ப ஏன் இவ்வளவு வலிக்குது

போண்டாவுக்குத் திரும்பி வரேன். 4 ரூபா போண்டா, வெளிய டீக்கடையில அவங்களே வாங்கித் தின்னுக்கலாம். அப்புறம் ஏன் மெஷின் நின்னுச்சு?

கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு பேரு 1979ல ஒரு விஷயத்தை விளக்கினாங்க, அதோட சாரம் இதுதான்: கையில இருந்து 100 ரூபா போனா வர்ற வலி, 100 ரூபா புதுசா கெடைக்கறப்ப வர்ற சந்தோஷத்தை விடப் பெருசு. இதுக்கு 'இழப்பு வெறுப்பு'ன்னு பேரு வெச்சுக்கலாம். ஆனா இங்க முக்கியமான கேள்வி எது 'இருக்குறது', எது 'புதுசு'ங்குறது. மொத வாரம் போண்டா புதுசு, சந்தோஷம். மூணாவது மாசம் நாலு மணின்னா டீயும் போண்டாவும், காலைல வீட்டுல இருந்து கெளம்பும்போதே அது கணக்குல வந்துருச்சு, அதுக்கேத்த மாதிரி மத்தியானம் சோத்தைக் கொறைச்சு எடுத்துட்டு வராங்க. அந்த அக்கா சொன்னது அதுதான். அவங்க வாழ்க்கையை அதுக்குத் தக்கன மாத்திட்டாங்க, அதனால அது போனப்ப சலுகை நின்ன மாதிரி இல்ல, கூலியில கை வெச்ச மாதிரி இருந்துச்சு.

இது ஏதோ போண்டா சமாச்சாரம்னு நெனைச்சுராதீங்க, நம்ம நாட்டுல போனஸே இப்படித்தான் பொறந்துச்சு. மொத உலகப் போர் காலத்துல பம்பாய் பஞ்சாலைகளுக்கு லாபம் கொட்டுச்சு, வெலவாசியும் ஏறிருச்சு, அதனால 1917ல மில் மொதலாளிங்க போர்க்கால போனஸ்னு கூலி மேல 10 சதவீதம் சேத்துக் குடுத்தாங்க. அவங்களா குடுத்தது. போர் முடிஞ்சதுக்கு அப்புறமும் வருஷத்துக்கு ஒரு மாசக் கூலி போனஸா நாலு வருஷம் தொடர்ந்து வந்துச்சு. 1923ல லாபம் கொறைஞ்சுருச்சு, போனஸ் கெடையாதுன்னுட்டாங்க. 1924 தொடக்கத்துல பம்பாய் மில்லுங்க மொத்தமும் ஸ்ட்ரைக்குல நின்னுச்சு. அரசாங்கம் பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி நார்மன் மெக்லியோடு தலைமையில ஒரு கமிட்டி போட்டுச்சு, அந்தக் கமிட்டி என்ன சொல்லுச்சுன்னா வழக்கப்படியும் சரி சட்டப்படியும் சரி தொழிலாளிங்களுக்கு இதைக் கேக்க உரிமை இல்ல.

அன்னைக்குப் பேப்பர் படிச்சுட்டு இருந்தா நாமளும் என்ன சொல்லிருப்போம்? ஏதோ நல்ல மனசுல குடுத்தான், இப்ப முடியல, இதுக்கு ஸ்ட்ரைக்கா, திமிர்தான்னு சொல்லிருப்போம். ஆனா அந்தக் கேள்வி அங்க முடியல. 1950ல தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் லாபத்துல மிச்சம் இருந்தா தொழிலாளிக்கும் பங்கு உண்டுன்னு ஒரு கணக்கு முறையையே வகுத்துச்சு. 1961ல மெஹர் தலைமையில போனஸ் கமிஷன், 1965ல போனஸ் சட்டம். மொதல்ல கொறைஞ்சபட்சம் 4 சதவீதம்தான், எழுபதுகள் தொடக்கத்துல 8.33 ஆச்சு, எமர்ஜென்சி வந்தப்ப அதைக் கொறைச்சாங்க, 1977ல திரும்ப வந்துச்சு. 1924ல உரிமை இல்லைன்னு சொன்ன அதே விஷயம், நாப்பத்தோரு வருஷத்துல சட்டம்.

இதைச் சொல்றது கேட்டதெல்லாம் ஒரு நாள் சட்டமாயிரும்ங்குறதுக்காக இல்ல. உரிமைங்குற கோடு அசையாம நிக்குற கோடு கெடையாது, எதிர்பார்ப்பா இருக்குறது அந்தக் கோட்டைத் தாண்டி உள்ள வரலாம், இன்னைக்கு அந்தக் கோட்டுக்கு வெளிய நிக்குறவங்களை எல்லாம் மிதப்புல இருக்காங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கணும்ங்குறதுக்காகத்தான்.

பக்கத்து எலை

கல்யாணப் பந்தியில உக்காந்திருக்கீங்க. ஒரு வடை வெச்சாங்க, நல்லா இருக்கு, திருப்தி. பக்கத்து எலையில ரெண்டு வடை விழுந்துச்சு. உங்க வடை சைஸ் கொறையல, ருசி கொறையல, ஆனா திருப்தி போயிருச்சு.

ஸ்டேசி ஆடம்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1963ல 'ஈக்விட்டி தியரி'ன்னு சொன்னது இதுதான், நான் போடுற உழைப்புக்கும் எனக்கு வர்றதுக்கும் உள்ள விகிதத்தை இன்னொருத்தரோட விகிதத்தோட ஒப்பிட்டுத்தான் நியாயம் அநியாயம்னு மனசு முடிவு பண்ணுது. சம்பளம் எவ்வளவுங்குறது மட்டும் பாத்தா புரியாது. எட்டு வருஷமா இருக்குற பொண்ணு 32,000 வாங்குது, அதே வேலைக்கு வெளியில இருந்து புதுசா எடுத்த ஆளுக்கு 45,000. இது தெரிஞ்ச அன்னைக்கு அந்தப் பொண்ணு வந்து கேட்டா, "போன வருஷம்தான உனக்கு ஏத்திக் குடுத்தோம், எப்பவும் பத்தாதா"ன்னு பதில் வருது. அது பத்தலைன்னு கேக்கல, எலையைப் பாத்துட்டு கேக்குது.

ஆனா விகிதத்துல ரெண்டு பக்கம் இருக்கு, வர்றது ஒண்ணு, போடுறது ஒண்ணு. போடுற பக்கத்தை ஒருத்தர் தன்னோட மனசுல ஊதிப் பெருசாக்கி வெச்சிருந்தா உலகத்துல எந்தச் சம்பளமும் அநியாயமாத்தான் தெரியும். இங்கதான் மூணாவது விஷயம் வருது.

நெசமான மிதப்பு எப்படி இருக்கும்

இருக்கு, கண்டிப்பா இருக்கு. இதை இல்லைன்னு சொல்றவங்க டீம் நடத்திப் பாக்காதவங்கன்னுதான் சொல்லுவேன்.

2004ல கேம்பெல்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவர் கூட இருந்தவங்களும் இதை அளக்குறதுக்கு ஒம்போது வாக்கியம் வெச்ச ஒரு கேள்வித்தாள் தயார் பண்ணாங்க, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு ஒத்துக்குறீங்கன்னு மார்க் போடணும். அதுல ஒண்ணு, டைட்டானிக் கப்பல்ல நான் இருந்தா மொத லைஃப்போட்ல எடம் கெடைக்க எனக்குத் தகுதி இருக்குங்குற மாதிரி வரும். அவங்க பண்ண ஒரு சோதனை மனசுல நின்னுருச்சு. ஒரு வாளி நெறைய மிட்டாய், இது கொழந்தைங்களுக்கு வெச்சது, வேணும்னா நீங்களும் கொஞ்சம் எடுத்துக்கலாம்னு பெரியவங்ககிட்ட நீட்டுனாங்க. அந்தக் கேள்வித்தாள்ல அதிக மார்க் வாங்குனவங்க அதிக மிட்டாய் எடுத்தாங்க. இதுல உழைப்பு இல்ல, வாக்குறுதி இல்ல, பழைய வழக்கம் எதுவும் இல்ல, ஒரு வாளி மிட்டாய்தான் இருந்துச்சு.

வேலை எடத்துல அது எப்படித் தெரியும்? 2009ல ஹார்வி, மார்டிங்கோ பண்ண ஆராய்ச்சியில இந்த எண்ணம் அதிகமா இருக்குறவங்க நல்லது நடந்தா என்னால, கெட்டது நடந்தா மத்தவங்களாலன்னு காரணம் பிரிக்குறது அதிகமா இருந்துச்சு, வேலையில திருப்தி கொறைவா இருந்துச்சு, மேலதிகாரியோட மோதல் அதிகமா இருந்துச்சு. இந்த மெக்கானிசத்தைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். தப்பு நடந்தா அதுல என் பங்கு எதுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த தடவை நான் மாத்துவேன், வேலை கத்துக்குறதே அப்படித்தான். அந்தக் கதவை மூடிட்டா கத்துக்கறது நின்னு போகுது, வேலை மேம்படாது, அதனால ப்ரமோஷன் வராது, வராததுக்குக் காரணம் மறுபடி மத்தவங்க. செக்குமாடு மாதிரி அதே எடத்துல சுத்திட்டு இருக்கும்.

நான் பாத்த ஒரு மெர்ச்சண்டைசர் தம்பி, நல்ல இங்கிலீஷ், பையர்கிட்ட நல்லாப் பேசுவான். ஒரு ஆர்டர் நேரத்துக்குப் போச்சுன்னா "நான் ஃபாலோ பண்ணேன்", லேட்டாச்சுன்னா "டையிங்ல கோட்டை விட்டாங்க". ஒரு தடவை லேப் டிப் அப்ரூவல் மெயிலை அவனே நாலு நாள் பாக்காம விட்டிருந்தான், அதாவது கலர் சரியா இருக்கு சாயம் போடலாம்னு பையர் அனுப்புற ஓகே மெயிலு, அது வராம டையிங்ல கை வெக்க முடியாது. மெயிலைத் தேதியோட முன்னாடி வெச்சுக் காட்டுனேன். திரையைப் பாத்தான், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் சொன்னான், "எனக்கு ஒரு அசிஸ்டென்ட் குடுத்திருந்தா இது நடந்திருக்காது." அந்த மாசமே சீனியர் போஸ்ட் கேட்டு லெட்டரும் குடுத்தான். அவன் மேல எனக்கு இன்னைக்கும் கோவம் இல்ல, வருத்தம்தான், ஏன்னா அந்த மெயிலை "ஆமாண்ணா, விட்டுட்டேன்"னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அவன் நல்ல ஆளாயிருப்பான், அவ்வளவு சாமர்த்தியம் இருந்துச்சு.

அவங்கிட்ட நான் அப்ப ஒரு கேள்வி கேட்டேன், அதை அதுக்கப்புறம் நெறைய பேருகிட்ட கேட்டிருக்கேன், நாங்க அப்ரைசல் பண்றப்ப இன்னைக்கும் இதுதான் எனக்குக் கை குடுக்குது. "எது நடந்திருந்தா இந்த போஸ்ட் உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு நீயே ஒத்துக்குவ?" நியாயமான எதிர்பார்ப்பு இருக்குறவங்க இதுக்குப் பதில் சொல்லிருவாங்க, என் ரிஜெக்ஷன் அதிகமா இருந்தா, என் கூட இருக்குறவ என்னை விட நல்லாப் பண்ணிருந்தா, கம்பெனியே நஷ்டத்துல இருந்தான்னு. அவங்க கேக்குறதுக்கு ஒரு காரணம் இருக்கு, காரணம் போனா கேள்வியும் போகும். மிதப்பு இருந்தா பதில் வராது. அந்தத் தம்பி சொன்னது, "அப்படி எதுவும் இல்லண்ணா."

இதுவரைக்கும் வந்த மூணையும் ஒரு தடவை ஞாபகப்படுத்திக்குவோம்: உரிமைக்குக் கீழ சட்டம் இருக்கு, எதிர்பார்ப்புக்குக் கீழ ஒரு வாக்கோ வழக்கமோ ஒப்பீடோ இருக்கு, மிதப்புக்குக் கீழ 'நான்' மட்டும் இருக்கு.

இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தானா

இதை நான் நம்பல. தமிழ்நாட்டுல 2003 ஏப்ரலுக்கு முன்னாடி அரசு வேலைக்குச் சேந்தவங்களுக்குக் கடைசிச் சம்பளத்தை வெச்சு ஆயுசுக்கும் பென்ஷன், யாரும் அவங்களை என்டைட்டில்டுன்னு சொன்னதில்ல. ஐடியில படிச்சு முடிச்சு வர்ற பசங்களுக்குப் பத்து வருஷத்துக்கும் மேல மூணு மூணரை லட்சத்துலயே ஆரம்பச் சம்பளம் நின்னுட்டு இருக்கு, அந்தப் பத்து வருஷத்துல சென்னை வாடகையும் அங்கயே நிக்கல. அந்தப் பையன் ரெண்டாவது வருஷமே வேற கம்பெனி தேடுறான்னா அவன் பக்கத்து எலையைப் பாக்குறான்னுதான் எனக்குத் தோணுது. மிதப்பு இருக்குற பசங்களும் இருக்காங்க, மிதப்பு இருக்குற ஐம்பது வயசு ஸ்டோர் கீப்பரும் இருக்காரு, "நான் இருக்குறப்ப என் மச்சான் பையனை எடுக்காம எவனை எடுப்பீங்க"ன்னு கேப்பாரு.

மேல உக்காந்திருக்குறவங்களுக்கும் இது வரும்

இந்த வார்த்தையை எப்பவும் கீழ பாத்தே சொல்றாங்க, அது எனக்கு ஒத்துக்கவே முடியாத விஷயம். "நாமெல்லாம் ஒரே ஃபேமிலி"ன்னு சொல்லிட்டு ஓவர்டைம் காசு குடுக்காம ராத்திரி பத்து வரைக்கும் உக்கார வெக்குறது என்ன? லீவுல இருக்குற பொண்ணுக்கு பத்து தடவை போன் போட்டு, எடுக்கலைன்னா "கமிட்மென்ட் இல்ல"ன்னு அப்ரைசல்ல எழுதுறது என்ன? குடுத்ததுக்கும் கேக்குறதுக்கும் சம்பந்தம் இல்லாம 'எனக்கு வந்தே தீரணும்'ங்குறதுதான் மிதப்புன்னா இது அச்சு அசல் அதுதான். மேல சொன்ன கேள்வியை அவங்ககிட்டயும் கேக்கலாம், "எது நடந்தா இந்த ஞாயித்துக்கெழமை வேலையை நீங்க கேக்கக் கூடாதுன்னு ஒத்துக்குவீங்க?"

நோட்டை வெளிய எடுத்து வெக்கிறது

மிதப்புக்கு நேரான மருந்து எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான், முன்கூட்டியே அளவுகோலை எழுதிக் காட்டிட்டு ஒவ்வொரு தடவையும் அதை வெச்சே பேசுறது, மெயிலு தேதியோட. அது எல்லார்கிட்டயும் பலிக்காது. ஆனா ரெண்டாவது வகை, எதிர்பார்ப்பு ஒடையற வகை, அதுல பெரும்பாலானதைத் தடுத்துரலாம், செலவே இல்ல. குடுக்கறப்பவே ஏன் குடுக்குறோம், எது வரைக்கும்னு சொல்லணும். நிறுத்துறதா இருந்தா நிறுத்துறதுக்கு முன்னாடி சொல்லணும். "பாத்துக்கறேன்"னு சொல்றதுக்குப் பதிலா என்ன பாத்துப்பீங்கன்னு சொல்லணும், சொல்ல முடியலைன்னா அந்த வார்த்தையை வாயில எடுக்கக் கூடாது. வேலை பாக்குறவங்க பக்கத்துல, அப்படி யாராவது சொன்னா சாயந்தரமே ஒரு மெயில் போட்டுருங்க, "சார், நீங்க காலைல சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன், சரிதானா"ன்னு. மொய் நோட்டை மைக்ல வாசிக்குற மாதிரிதான் இதுவும்.

போண்டா நின்ன அடுத்த வருஷம் மறுபடி ஒரு பெரிய ஷிப்மென்ட் வந்துச்சு, ராத்திரி வேலை. மொதலாளி பரோட்டா வாங்கிக் குடுக்கச் சொன்னாரு. இந்தத் தடவை டைம் ஆபீஸ் போர்டுல நானே சாக்பீஸ்ல எழுதினேன்: ஷிப்மென்ட் 18ந் தேதி, அதுவரைக்கும் ராத்திரி பரோட்டா உண்டு, 19ல இருந்து கெடையாது. தமிழ் படிக்கத் தெரியாத ஒடிசா, பீகார் பசங்க பேக்கிங்ல இருந்தாங்க, அவங்கள்ல ஒருத்தனையே லைன் லைனா கூட்டிட்டுப் போயி ஹிந்தியில சொல்ல வெச்சேன். 18ந் தேதி ராத்திரி கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கெளம்புச்சு. 19ந் தேதி நாலு மணி பெல்லுக்கு டீ கேன் மட்டும் வந்துச்சு. அந்தச் செக்கிங் அக்கா ஒரு தூக்குப்போசியைத் தொறந்தாங்க, வீட்டுல அவிச்ச குச்சிக்கெழங்கு, தேங்காத் துருவல் போட்டு. பேப்பர்ல ஒரு துண்டு வெச்சு டைம் ஆபீஸ் ஜன்னல் வழியா எனக்கும் நீட்டுனாங்க.